பிரதம விருந்தினரை வாவிக்குள் இறக்கியவன்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: படித்தவன் ஓட்டும் வாகனத்தில் ஏறக் கூடாது. வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே சட்டம் யாருக்காக வந்தது என்பதில் குழப்பமே இல்லை.

தேற்றாத்தீவில் எங்களுடையது வாவியில் மீன் பிடிக்கும் குடும்பம். அதில் உயர்தரம் வரை போன முதல் ஆள் நான். பாடம் விவசாயத் தொழினுட்பம். "மகன் மிசின் படிக்கிறான்" என்று அம்மா சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். (பாதி நாள் நாங்கள் படித்தது மாட்டுச் சாணம். அதை அவர் வெளியே விடவில்லை.)

இந்தப் பாடத்தில் உள்ள கரைச்சல், எழுதிவிட்டுத் தப்ப முடியாது. செய்தும் காட்ட வேண்டும். மாங்கன்று ஒட்ட வேண்டும், கோழிக்குத் தடுப்பூசி போட வேண்டும். நான் கோழிக்குப் போடப் போய் என் பெருவிரலில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குக் கோழி நோய் எதுவும் வந்ததில்லை.

ஆனால் தாளில் நான் ராசா. லேண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். பிரேக் எங்கே இருக்கிறது என்று அம்புக்குறி போட்டு முழுப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத் தொழில் வழிகாட்டல் நாளுக்கு ஒரு பெரிய பண்ணையின் பெண் முகாமையாளர் பிரதம விருந்தினராக வருவதாக இருந்தது. எங்கள் பள்ளித் தோட்டத்தைப் பார்த்து, எங்களிடம் கேள்வி கேட்டு, ஒரே ஒரு ஆளைப் பயிலுனராக எடுப்பாராம். அந்த இடம் எனக்கு வேண்டும். கிடைக்காவிட்டால் அப்பாவோடு தோணிதான். எனக்கோ தோணியில் ஏறினால் தலை சுற்றும். (மீன்காரன் மகன் வெளியில் சொல்லக்கூடிய வருத்தமா இது?)

பிரதம விருந்தினர் என்றால் வாசலில் மாலை போட்டு, பாண்ட் வாத்தியம் முன்னே போக, நடத்திக் கூட்டி வருவதுதான் வழக்கம். நான் சும்மா இருந்திருக்கலாம். "விவசாயம் படிக்கிற நாங்களும் நடத்தியா சேர் கூட்டிவாற? லேண்ட்மாஸ்டர்ல ஏத்திக்கொண்டு வருவம்" என்றேன். விவசாய சேரின் முகம் மலர்ந்தது. ஓட்டுவது யார் என்று அவர் கேட்பதற்கு முன்பே என் கை மேலே இருந்தது.

லேண்ட்மாஸ்டர் மச்சான் சீவனுடையது. பள்ளிக்கூட மைதானத்தில் வைத்து அவன்தான் பழக்கினான்.

"இடப்பக்கக் கிளச்சப் பிடிச்சா இடப்பக்கம் போகும். வலதப் பிடிச்சா வலம். அவ்வளவுதான்டா. மாடு கூட இப்பிடிச் சொல்வழி கேக்காது."

கேட்டது. மைதானம் முழுக்கச் சொன்ன சொல் கேட்டது.

விழாவன்று லேண்ட்மாஸ்டர் பின்னால் இழுக்கும் பெட்டியில் வாழைமரம் கட்டி, தோரணம் தொங்கவிட்டு, இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டோம். ஒன்றில் முகாமையாளர், மற்றதில் எங்கள் அதிபர். என் அம்மா கூறைச் சேலையில் வந்திருந்தார். அப்பா பெற்றோருக்குப் போட்ட கதிரையில் இருக்க வெட்கப்பட்டு, கரைக்குக் கிட்டத் தோணியில் நின்றே பார்த்தார்.

வாசலிலிருந்து ஊர்வலம் அழகாகத்தான் வந்தது. தோட்டம் வாவிக்கரையில். அங்கே போகப் பாதை சரிந்து இறங்கி இடப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் வாவி. நான் சரிவில் இறங்கி, இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தேன்.

லேண்ட்மாஸ்டர் வலப்பக்கம் திரும்பியது.

"டேய், இடப்பக்கம் திருப்புடா!" விவசாய சேர் கத்தினார்.

"இடப்பக்கம்தான் சேர் பிடிக்கிறன்!"

"வாவிப் பக்கம் கிறுகுதேடா!"

"ஓம் சேர், நானும் பாக்கிறன்!"

பிடித்தது போதவில்லை என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அது இன்னும் நன்றாக வாவியைப் பார்த்தது. பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் வாசித்தபடியே இரண்டாகப் பிரிந்து வழி விட்டார்கள். "பிரேக்! பிரேக்!" என்று மச்சான் பின்னால் ஓடி வந்தான். பிரேக் எனக்குத் தெரியும். நாற்பதாம் பக்கத்தில், வலப்பக்கப் படத்தில், கீழே இருக்கிறது. என் காலுக்குக் கீழேயும் அது இருந்தது என்பது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

தண்ணீர் இடுப்பளவு வந்ததும் இயந்திரம் ஒரு தரம் இருமிவிட்டு நின்றது. அதிபர் கதிரைக்கு மேல் ஏறி, வாழைமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். முகாமையாளர் மட்டும் மாலையோடு இருந்த இடத்திலேயே இருந்தார். செருப்பு இரண்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரைச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இதுதான் உங்கட தோட்டமா?"

வேறு ஒருவனாக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் ஒரு கிழமையாகப் பாடமாக்கி வைத்திருந்த விளக்கம் தானாக வாயில் வந்தது.

"இது களித்தரை மெடம். உப்புத்தன்மை கூட. தென்னை, கண்டல் மாதிரிப் பயிர்கள்தான் தாங்கும்."

"அப்பிடியா? பீஎச் எவ்வளவு இருக்கும்?"

மண்ணைச் சோதித்துக் காட்டுவதற்காகச் காற்சட்டைப் பையில் பீஎச் தாள் கொண்டுவந்திருந்தேன். எடுத்தேன். வாவி ஏற்கெனவே அதைச் சோதித்து முடித்திருந்தது.

"எட்டுக்குக் கிட்ட மெடம்."

கரையில் அம்மா கூறைச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா தோணியைக் கொண்டுவந்து பெட்டியோடு அணைத்தார். முகாமையாளரைக் கைபிடித்து ஏற்றினார். அதிபரை வாழைமரத்திலிருந்து பிரித்து ஏற்றினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயும் ஏறன், மனே."

"இல்லப்பா. எனக்குத் தலை சுத்தும்."

அது சனம் முழுவதுக்கும் கேட்டது. முகாமையாளர் அப்போதுதான் சிரிக்கத் தொடங்கினார். தோணி கரைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் சிரிப்பு நிற்கவில்லை.

நான் நடந்து கரையேறியபோது மச்சான் தலையில் கை வைத்தபடி நின்றான். "இறக்கத்தில கிளச் மாறி வேலை செய்யும்டா. இடதப் பிடிச்சா வலம் போகும்."

"மறுகா ஏன்டா சொல்லல்ல?"

"மைதானத்தில எங்கடா இறக்கம் இருந்த?"

அந்த இடம் எனக்கே கிடைத்தது. பண்ணையில் இறால் குளங்களும் இருந்தன. தண்ணீர் சோதிக்க ஒரு ஆள் தேவைப்பட்டதாம். "தண்ணிக்குள்ள நிண்டும் பதில் சொல்ற ஆள் எனக்கு வேறெங்க கிடைக்கும்?" என்றார் முகாமையாளர். ஒரே ஒரு நிபந்தனை: பண்ணை வாகனங்களில் நான் கை வைக்கக் கூடாது. இன்றும் குளம் குளமாக நடந்தே போகிறேன்.

போன மாதம் சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தேன். அம்மா சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து, தானே நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார். நான் ஸ்டார்ட் செய்துவிட்டு, "ஏறுங்க அப்பா, ஒரு சுத்துப் போயிட்டு வருவம்" என்றேன்.

அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாவிப் பக்கம் நடந்தார்.

"நீ முன்னுக்குப் போ, மனே. நான் தோணியில பின்னால வாறன்."