ஆவுளியா அண்ணையும் பாலைவனத்துக் கடலும்

வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொல்லாமல், டொரொன்ரோவிலேயே பெரிய புளுகன் என்று பெயரெடுத்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் ஆவுளியா அண்ணை.

பிக்கரிங்கில் நான் வேலை செய்த வெயார்ஹவுசில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். கனடா வருமுன் வளைகுடா நாடொன்றில் பதினொரு வருடம் சாரதியாக இருந்தவர். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் போதும், அங்கே பாலைவனக் கரையில் இருக்கும் சரணாலயத்தின் கதை தொடங்கிவிடும். உப்புத் தண்ணீரில் கண்டல் காடு, ரோஸ் நிறப் பூநாரைகள், ஆமைகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஆவுளியா என்கிற கடற்பசு.

“அண்ணை, பாலைவனத்திலை மாடு நீந்துதோ?”

“ஓம் தம்பி. கடலுக்கடியிலை புல்லும் மேயுது.”

சிரித்ததில் எனக்குப் புரையேறியது. அண்ணை சோற்றை அப்படியே மூடிவைத்தார்.

“சிரிச்ச வாயாலையே ஒருநாள் உண்மையெண்டு சொல்லுவாய்.”

போன வருடம் நானும் மனைவியும் யாழ்ப்பாணம் போக ரிக்கற் போட்டோம். அண்ணை அதே விமானத்தில் தானும் போட்டார். வழியில் இரண்டு நாள் அந்த நாட்டில் தங்கி, வாடகைக் கார் எடுத்து அவரே ஓட்டினார்.

“பெரிய மணல்மேடு வரும். அதிலை வலப்பக்கம்.”

வந்ததெல்லாம் மணல்மேடுதான். மூன்று தரம் திரும்பினோம், மூன்று தரமும் அதே பெற்றோல் செட்டில் வந்து நின்றோம். எனக்குக் கிழக்கு மேற்கே மறந்துபோனது.

“மேடு இடம் மாறிப்போச்சு,” என்றார் அண்ணை. மேடு எங்கே போகும்? கேட்கப் பயமாக இருந்தது.

ஒருவழியாக நீலமாய் ஏதோ தெரிந்தது. “உது கானல் நீர்,” என்றாள் மனைவி. இறங்கி நடந்தோம். கானல் நீர் அவளுடைய சப்பாத்தை நனைத்தது.

கரையில் சரணாலயத்துப் படகோட்டி காத்திருந்தார். படகில் ஏற அண்ணை மறுத்தார். “காரை ஆர் பாக்கிறது?”

சுற்றிவர ஒரு காகம்கூட இல்லை. இழுத்து ஏற்றினோம். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரையில் நின்ற காரையே பார்த்தபடி இருந்தார்.

திடீரென்று படகுக்குப் பக்கத்தில் பெரிய சாம்பல் மூக்கொன்று மேலே வந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டது.

“ஆவுளியா!” என்று மனைவி கத்தினாள். அண்ணை திரும்பியபோது அலை மட்டும்தான் இருந்தது.

“பரவாயில்லை அண்ணை, நீங்கள் எத்தினை தரம் பாத்திருப்பியள்,” என்றேன்.

“நான் எப்ப பாத்தனான் எண்டு சொன்னனான்? இருக்கெண்டுதானே சொன்னனான். சாரதி வாகனத்தை விட்டிட்டுப் போகேலாது. நான் கூட்டிக்கொண்டு வந்த ஆக்கள் பாத்திட்டுத் திரும்பி வரேக்கை கேட்டறிஞ்சது.”

காணாதவர் சொன்னது உண்மை. சிரித்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “நீங்கள் சொன்னது உண்மை அண்ணை,” என்றேன்.

காரில் ஏறியதும் பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்து, அதற்குள்ளால் எங்களைப் பார்த்தார்.

“சரி, இப்ப சொல்லுங்கோ. எப்பிடி இருந்தது?”

பெற்றோல் செட்டைத் தாண்டியும் நாங்கள் மாறி மாறிச் சொன்னோம். அந்த மனிதர்மேல் இருந்த பாசத்தில், நான் கொஞ்சம் பொய்யும் கலந்துதான் சொன்னேன்.