முந்தின நாளே அரைத்த செம்புக்கல்

எதையும் முந்தின நாளே முடித்து வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். (இந்த நல்ல பழக்கத்தால் ஒரு பெரிய மனிதரின் ஷூ நாசமானது.)

எண்ணூர் பக்கம், தாதுக்கல் சோதிக்கும் ஒரு சின்ன லேபில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். "கஸ்டமர் எதிர்ல டெஸ்ட்டை ஒழுங்கா செஞ்சு காட்டு, வேலை பர்மனென்ட்" என்றிருந்தார் மேனேஜர் மேரி மேடம். அதை நம்பி நானும் என் கணவர் சேகரும் ராயபுரத்தில் வாடகைக்கு வீடுகூடப் பார்த்துவிட்டோம். (அதுவும் முன்கூட்டியே!)

வேலை இதுதான். செம்புக்கல்லை இரும்புக் குண்டுகள் உருளும் மில்லில் தண்ணீர் விட்டுக் கூழாக அரைக்க வேண்டும். கூழைத் தொட்டியில் ஊற்றி, துகளைப் பிடிக்க ஒரு மருந்து, நுரைக்க ஓர் எண்ணெய் சேர்த்துக் காற்றை விட்டால், செம்புத் துகள்கள் (கல்லில் இருக்கும்போது அதற்கு மஞ்சள் நிறம்) நுரையில் ஒட்டிக்கொண்டு மஞ்சளாக மின்னியபடி மிதந்து வரும். மண் அடியில் தங்கிவிடும்.

நான் என்ன செய்தேன்? இட்லிக்கு அரைப்பதுபோல் முந்தின சாயங்காலமே அரைத்து, மூடி வைத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

காலையில் கஸ்டமர் வந்து தொட்டியை ஒட்டி நின்றார். நுரை வந்தது. வெள்ளை வெளேரென்று, துணி துவைத்த நுரை மாதிரி.

"செம்பு எங்கம்மா?"

"வரும் சார்."

எண்ணெயை இன்னும் கொஞ்சம் விட்டேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம். அவசரத்தில் பாட்டிலே சரிந்துவிட்டது. அவ்வளவுதான்! நுரை தொட்டியைத் தாண்டி, மேசையைத் தாண்டி, அவருடைய ஷூவின் மேல் பொதபொதவென்று இறங்கியது.

மேடம் ஓடிவந்து மெஷினை நிறுத்தினார்.

"எப்பம்மா அரைச்சே?"

"நேத்தே அரைச்சிட்டேன் மேடம்." (பெருமையாக வேறு சொன்னேன்.)

"நேத்தா? இரும்புக் குண்டுல அரைச்சு ராத்திரி பூரா ஊறப்போட்டா, துரு வந்து செம்பு மேல படிஞ்சுக்காதா? அப்பாலிக்கா மருந்து எங்க புடிக்கும்? இன்னா, இட்லி மாவுன்னு நினைச்சுக்கினியா?"

கஸ்டமர் சிரித்தாரே பார்க்கலாம்! உடனே புதிதாக அரைக்க வைத்தார் மேடம். அந்தக் கூழின் நுரையில் மெல்ல மெல்ல மஞ்சள் மினுமினுப்பு ஏறியபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

டெஸ்ட் பிழைத்தது. நான் பிழைக்கவில்லை. பர்மனென்ட் ஒரு வருஷம் தள்ளிப்போனது, ராயபுரத்து வீட்டுக்கு வேறு யாரோ பால் காய்ச்சினார்கள்.

இதையெல்லாம் சேகரிடம் சொன்னதுதான் நான் செய்த பெரிய தப்பு. போன மாதம் ஊருக்குப் போக முந்தின நாளே பெட்டி கட்டினேன்.

"இன்னாமே, இப்பவே கட்டிக்கினு கீறே? காலைல துரு புடிச்சுக்கப் போவுது!"

ரோஷத்தில் அத்தனையையும் வெளியே எடுத்துப் போட்டு, காலையில்தான் கட்டினேன். ரயில் போய்விட்டது. அதற்கும் நான்தான் காரணமாம்!