ரிப்பனுக்கு இந்தப் பக்கம்

தேவாரத்தில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் சுருளிராஜன் அவர்களுக்கு, அனுமந்தன்பட்டி கருத்தக்கண்ணன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை ராமுத்தாயும் இரண்டு மாடுகளும் சுகம். என் முழங்கால் மட்டும் முக்கால் சுகம். இது நானே எழுதும் கடிதம். முதியோர் வகுப்பில் கிருபாவதி டீச்சர் எழுத்துச் சொல்லிக்கொடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது. வரி கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தொரு வயதில் நான் டவுசர் மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் ஓடுவதாகத் தங்கை உங்களிடம் போனில் அழுதாள். பார்க்கிறவர்கள் எல்லாம், "மாமாவ யாரு வெரட்டுறாக?" என்று கேட்கிறார்களாம். நீங்களும் தீர்ப்புச் சொன்னீர்கள். "தேனியில நடக்குற முதியோர் ஓட்டப் போட்டியில மொத மூணு பேருல வந்தா ஓடட்டும். இல்லேன்னா டவுசர எங்கிட்ட அனுப்பிரணும்." நானும் சரி என்றேன்.

மச்சான், அந்த மைதானத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு பாத்தி பிரித்ததுபோல் வெள்ளைக் கோடு, கோணல் இல்லாமல் கண்ணுக்கு எட்டும் வரை போகிறது. வைகை அணையிலிருந்து எண்பத்திரண்டு வயதுப் பெரியவர் வந்திருந்தார். கைத்தடியைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு ஓடினார். ஓடி முடித்ததும், "தடியக் கொண்டா ஆத்தா, நடக்கணும்ல" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஓடுவதற்குத் தடி வேண்டாம், நடக்கத்தான் வேண்டுமாம்!

அடுத்து எங்கள் ஓட்டம். ஏழு பேர், நூறு மீட்டர். விசில் ஊதியதும், அவிழ்த்துக்கொண்ட மாட்டைப் பிடிக்க ஓடுவோமே, அந்த ஓட்டம் ஓடினேன். பாதியில் பக்கத்தில் பார்த்தால் ஒருவரும் இல்லை. முன்னால் பார்த்தாலும் ஒருவரும் இல்லை. மச்சான், என் ஆயுசில் எனக்கு முன்னால் யாருமே இல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான். காற்றுகூட எனக்காக ஒதுங்கியது மாதிரி இருந்தது.

முடிவில் இரண்டு பிள்ளைகள் ரிப்பன் பிடித்து நின்றார்கள். நம் பால் சொசைட்டி திறப்பு விழாவில் நான் பால் கேனோடு ரிப்பனைத் தூக்கிவிட்டு நுழைந்தது ஞாபகம் இருக்கிறதா? "பெரிய மனுசன் வெட்டுற ரிப்பன்ல ஒனக்கு என்னய்யா வேலை?" என்று ஊர் நடுவில் திட்டியது நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை. அதனால் இந்த ரிப்பனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டேன். மேடையில் இருந்த அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டேன். பின்னால் வருகிறவர்கள் மோதிவிடக் கூடாதே என்று இரண்டு கையையும் நீட்டி, "பொறுங்கப்பா, ஐயா வந்து வெட்டட்டும்" என்றேன். மூன்று பேர் என் கைக்கு அடியில் குனிந்து போய் ரிப்பனை அறுத்தே விட்டார்கள். சின்னக்கருப்பு என்று ஒருவர் மட்டும் என்னோடு நின்றார். "நானும் அதத்தாண்ணே நெனச்சேன்" என்றார். உங்கள் தங்கை படிக்கட்டிலிருந்து, "என்ன நிக்கிறீக? ஓடுங்க!" என்று கத்திய பிறகுதான் கோட்டைத் தாண்டினேன். நாலாவது. சின்னக்கருப்பு, "நீங்க முன்னால போங்கண்ணே" என்று வழிவிட்டதால் அவர் ஐந்தாவது.

கலந்துகொண்டதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் இருந்த என் பெயரை யாரிடமும் காட்டிக் கேட்காமல் நானே படித்தேன். இரண்டு தடவை படித்தேன். ஓடியது இருபது வினாடி. அதை எழுதுவதற்கு மூன்று நாள் ஆகிவிட்டது.

சொன்ன சொல் மாற மாட்டேன். டவுசரைத் துவைத்து மடித்துப் பார்சலில் வைத்திருக்கிறேன். இனி ஓட மாட்டேன். உங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோருடைய காலும் வலுவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
கருத்தக்கண்ணன்

பின்குறிப்பு: பார்சலில் டவுசரைத் தேட வேண்டாம், பன்னீர் திராட்சைதான் இருக்கும். ராமுத்தாய்க்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ரிப்பன் வந்த இடத்தில் எழுந்து போய் டவுசரை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டாள். "அடுத்த மாசம் மதுரையில ஓட்டமாம்ல. எங்க அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். ரிப்பனுக்கு அந்தப் பக்கம் நான் நிக்கிறேன். யாரையும் பாக்காம எங்கிட்ட வந்து சேருங்க" என்கிறாள்.