செவ்வாய்க்கிழமைக் கணக்கு வாத்தியார்

உலகத்தில் நிறபேதம் அடியோடு ஒழிந்த இடம் ஒன்று உண்டென்றால், அது அந்த சர்வதேசப் பள்ளிக்கூடம்தான். நம்பாதவர்கள் வாசலில் போய் நின்று பார்க்கலாம். எல்லா நாட்டுக் கொடிகளும் வரிசையாகப் பறக்கின்றன. காற்றுகூட எந்தக் கொடிக்கும் ஓரவஞ்சனை செய்வதில்லை.

அப்பேர்ப்பட்ட இடத்தில்தான் நம் கணக்கு டீச்சருக்கு வேலை. அவள் வகுப்பிலேயே அவள் மகளுக்கு இலவசப் படிப்பு. எவர் முன்னாலும் கூனிக் குறுகாமல், நிமிர்ந்து நடக்கிறவளாக மகள் வளரவேண்டும் என்றுதான் டீச்சர் ஊரையும் உறவையும் விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்தாள்.

வந்த கொஞ்ச நாளில் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார்.

"பிள்ளைங்களைப் புதுசா சேர்க்க வர்றவங்க செவ்வாய்க்கிழமை வகுப்பெல்லாம் சுத்திப் பாக்குறாங்க, டீச்சர். அந்த நேரம் மட்டும் போர்டுகிட்ட நம்ம நீச்சல் மாஸ்டர் நிக்கட்டுமே."

"அவருக்குக் கணக்கு வராதே, சார்."

"நின்னாப் போதும். வெள்ளையா இருக்காரில்ல? எங்களுக்கு நிறமெல்லாம் கண்ணுக்கே தெரியாது. பெத்தவங்களுக்குத்தான் தெரியுது. அடுத்தவங்க உணர்வை மதிக்கிறதுதானே பன்மைத்துவம்?"

"அப்ப நான் எங்க நிக்கிறது?"

"சேச்சே, உங்களைப் போய் நிக்க வைப்போமா? கடைசி பெஞ்சுல உக்காருங்க. உங்க வசதிதான் எங்களுக்கு முக்கியம்."

இந்த ஏற்பாட்டுக்குப் 'பகிர்வுக் கற்பித்தல்' என்று பெயர் சூட்டி, ஒரு குழுவும் போட்டார்கள். டீச்சரைக் குழுவில் சேர்க்கவில்லை. வகுப்பில்தான் ஓரமாக இருக்கிறாளே, குழுவில் வேறு எதற்கு?

நீச்சல் மாஸ்டர் தங்கமான மனுஷன். குளத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே மூச்சில் போவார். பின்னக் கணக்கைப் பார்த்தால் மட்டும் மூச்சு வாங்கும். அதனால் டீச்சரே கணக்கையும் விடையையும் எழுதி வைத்துவிட்டு, மார்க்கரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்காருவாள். அவர் விடைக்கு அடியில் ஒரு கோடு இழுப்பார். பெற்றோர் மெய்மறந்து போவார்கள். மகளுக்காகத்தானே என்று டீச்சர் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

போன செவ்வாய்க்கிழமை, சுற்றிப் பார்க்க வந்த ஓர் அப்பா, டீச்சரின் மகளிடம் குனிந்தார்.

"உங்க டீச்சர் யாரும்மா?"

அவள் நீச்சல் மாஸ்டரைக் காட்டினாள்.

"அப்ப பின்னாடி இருக்காங்களே, அவங்க?"

"அவங்க ஹெல்ப்பர்."

நீச்சல் மாஸ்டர் காது வரை சிவந்துபோய், போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் டீச்சர் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லச் சொல்லி யாருடி சொல்லிக்கொடுத்தது? பிரின்சிபாலா?"

"யாரும் சொல்லலம்மா."

"பின்ன?"

"அவருதானேம்மா பாக்க டீச்சர் மாதிரி இருக்காரு. நம்மள மாதிரி இருந்தா ஹெல்ப்பர்தானே?" ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள் மகள்.

ஏழு வயதிலேயே ஒரு பாடத்தை இவ்வளவு ஆழமாகப் பதியவைக்கிற பள்ளிக்கூடம் உலகத்தரம் என்பதை யார் மறுக்க முடியும்? நடத்தியதும் லேசுப்பட்ட ஆளில்லை. வாராவாரம் வாயை மூடிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பெற்ற தாயே நடத்திய பாடம்.