கறுப்புக் கரையிட்ட நத்தார் அட்டை

சூடேறிய லினோலியத்தின் எண்ணெய் மணம் மூக்கில் பட்டால் போதும், நான் ஒருமுறை செத்துப்போனது நினைவுக்கு வந்துவிடும். (செத்தவன் சுகமாக இருக்கிறான், சற்றுப் பருத்தும்விட்டான்.)

யுத்த காலம். சீமையிலிருந்து நத்தார் (கிறிஸ்மஸ்) வாழ்த்து அட்டைகள் கப்பலில் வருவது நின்றுபோயிருந்தது. கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில் தங்கித் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்த எனக்கு, வெள்ளவத்தை பிலிப் மாஸ்டரின் மகள் திரேசாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் படம் அங்கே போய் ஒரு மாதம், மறுமொழி இல்லை. கையால் ஓர் அட்டை செய்து அனுப்பினால் கல்லும் கரையும் என்று நம்பினேன்.

தரைக்கு விரித்ததில் மிஞ்சிய லினோலியத் துண்டை வெயிலில் இளக்கி, பேனாக்கத்தியால் மாட்டுத் தொழுவத்தைச் செதுக்கினேன். செதுக்கிய இடம் வெள்ளை. விட்ட இடம் மை. வைக்கோலில் கிடக்கும் பாலன், இருபுறமும் குனிந்த இரண்டு தலைகள். பாலன் கொஞ்சம் நீண்டுவிட்டார். (கத்தி வழுக்கிய நீளம்.) எழுத்துகளை இடம்வலம் மாற்றிச் செதுக்கவேண்டும் என்பதால் வாழ்த்தைக் கைவிட்டேன். ஓரத்தைச் செதுக்கப் பொறுமையில்லை. சட்டம்போல் இருக்கட்டும் என்று விட்டேன். கடையில் கிடைத்தது கறுப்பு மை மட்டும். காகிதத்தை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்து, அடியில் என் பெயரை எழுதி, முதல் அட்டையை வெள்ளவத்தைக்கு அனுப்பினேன்.

எங்கள் ஆட்களிடம் கறுப்புக் கரையிட்ட அட்டைக்கு ஒரே பொருள்தான். வந்தால் யாரும் வாசித்துக்கொண்டிருப்பதில்லை, செத்தவீட்டுக்குப் போக உடுப்பு மாற்றுவார்கள்.

இரண்டு நாள் கழித்து, மிச்ச அட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. வாசலில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர், கையில் மலர்வளையம். முகமெல்லாம் மையாக நின்ற என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"தம்பி, எத்தினை மணிக்கு எடுக்கிறியள்?"

"என்னத்தை ஐயா?"

"சூசையின்ர பிரேதத்தை."

"நான்தான் சூசை."

அவர் என்னைப் பார்த்தார், மலர்வளையத்தைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து என் அட்டையை எடுத்து நீட்டினார். அக்கா வந்து வாங்கிப் பார்த்தாள்.

"இதில கிடக்கிறது ஆரடா?"

"பாலன் யேசு."

"உன்ர உயரம் இருக்கு."

வந்தவர் பிலிப் மாஸ்டரேதான். கதிரையில் அமர்ந்து தேத்தண்ணீர் குடித்தார். என் கலியாணம் அந்தக் கோப்பைக்குள் மெல்ல மெல்ல மூழ்குவதை நான் நின்று பார்த்தேன்.

"ஓம் எண்டு நேற்றே கடிதம் எழுதி வைச்சனான்," என்றார் கடைசியில். "காலமை இது வந்தது. பிள்ளை இன்னும் அழுகையை நிப்பாட்டேல்லை."

நேரில் காணாத ஒருத்தி எனக்காக அழுதிருக்கிறாள். உயிரோடு ஒரு மாதம் காத்திருந்தும் கிடைக்காத செய்தி, செத்த அன்றே கிடைத்தது.

இன்றும் நத்தார் நெருங்கினால் எங்கள் பிள்ளைகள் 'அப்பா செத்த கதை' கேட்பார்கள். திரேசா என்னைவிட நன்றாகச் சொல்வாள். ஆனால் முடிவை நான்தான் சொல்லவேண்டும். அவள் அங்கே இருக்கவில்லை. மலர்வளையத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவிடமே கொடுத்துவிட்டு, படியிறங்கிய பிலிப் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"கடிதத்தை நாளைக்குத் தபாலில போடுறன், தம்பி. கலியாணக் கார்ட்டை நாங்கள் அடிப்பிக்கிறம். நீர் கத்தியைத் தொடாதையும்."