எட்டாம் பகுதி வந்து சேரவில்லை

அஜ்மான்,
14.11.2008, வெள்ளிக்கிழமை

‘நாற்றிசை’ மாத இதழின் பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களின் சமூகத்திற்கு, பந்தல்குடியைச் சொந்த ஊராகக் கொண்டவனும் தற்சமயம் அஜ்மானில் ஒரு கட்டடக் கம்பெனியின் டைம்கீப்பராக உள்ளவனுமாகிய ம. விஜயபாஸ்கர் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. நான் இங்கு உயிரோடும் ஓரளவு நலத்தோடும் இருக்கிறேன். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சகத்தாரும், முக்கியமாகத் தங்கள் இதழில் “தொடர்ச்சி அடுத்த பக்கம்” என்று போடுகிற அந்த மகானுபாவரும், நோய்நொடி இல்லாமல் இருக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன். நிற்க.

ஐயா, நான் தங்கள் இதழின் சந்தாதாரன் அல்ல. தங்கள் இதழ் என்னிடம் ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கேம்ப்பில் பதினாலாம் நம்பர் ரூமில் எட்டுப் பேர் இருக்கிறோம். லீவில் போய் வருகிறவர் ஊறுகாய் கொண்டுவருவதும், அதைச் சுற்றிய தாளை எறியாமல் மைதா மாவைத் தூவி எண்ணெயை எடுத்து, வெயிலில் காயப்போட்டு, எட்டுப் பேரும் முறை வைத்துப் படிப்பதும் ரூம் வழக்கம். வரன் தேவை முதல் கண்ணீர் அஞ்சலி வரை ஒரு வரி விடமாட்டோம். போன ஜூலையில் எங்கள் ரூமுக்குப் பெரியவரான கொத்து ஃபோர்மேன் சோலையப்பன் அண்ணன் லீவு முடிந்து வந்தபோது எலுமிச்சை ஊறுகாயைச் சுற்றித் தங்கள் இதழின் 41 முதல் 46 வரை பக்கங்கள் வந்தன. அதில் திருமதி ஷியாமளா அவர்கள் ‘நார்வேயில் பயணிகள் தவறவிடக் கூடாத எட்டுப் பகுதிகள்’ என்று எழுதியிருந்தார். அருமையான கட்டுரை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் 46-ம் பக்கத்தின் அடியில், “எட்டாவது பகுதியைப் பற்றிச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஏனென்றால்” என்று ஒரு வரி. அதன் கீழே “தொடர்ச்சி 47-ம் பக்கம்”. அந்த 47-ஐத்தான் காணோம்.

காணோம் என்றால் காணோம் என்று விட வேண்டியதுதானே என்பீர்கள். விட்டிருப்பேன். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, வெளியே நாற்பத்தெட்டு டிகிரி, ஏ.சி. மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. பிரியாணி தின்ற மயக்கத்தில் இவர்கள் ஏழு பேரும் நார்வேயைப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள்! ஆளுக்கு ஒரு பகுதி. நான் அன்றைக்கு ஓவர்டைம் ஷீட் எழுத சைட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் பாகப்பிரிவினை முடிந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு என்று கேட்டேன். ஏ.சி. மெக்கானிக் பாண்டித்துரை சிரிக்காமல் சொல்கிறான்: “எழுதிருந்தது ஏழு, இருந்த ஆளு ஏழு. லேட்டா வந்தா நாங்க என்னண்ணே பண்றது? நீங்கதான சொல்வீங்க, ஒரு நிமிஷம் லேட்டுன்னாலும் அரை மணி நேரச் சம்பளம் வெட்டுன்னு.”

அது உண்மைதான் ஐயா. என் வேலை அப்படி. கம்பெனி வெட்டச் சொல்கிறது, நான் வெட்டுகிறேன். இந்த ரூமுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் என் முகத்தைப் பார்த்தால் இவர்களுக்கு நேரம்தான் ஞாபகம் வருகிறது. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு குறைந்துவிடும். அதைக் கவனிக்காதவன் போல் இருக்கப் பழகிவிட்டேன். ஆனால் பேப்பரில் இருக்கிற ஒரு பனி மலையில் ஓரமாக நிற்கக்கூட இடம் இல்லை என்றபோது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

யாருக்கு எது என்று கேளுங்கள். சோலையப்பன் அண்ணன் தலைநகர் ஆஸ்லோவை எடுத்துக்கொண்டார். காரணம், அங்கேதான் எம்பஸி இருக்கும், ஏதாவது ஒன்று என்றால் ஊர் திரும்ப அவுட்பாஸ் வாங்க வசதி. குளச்சல் பக்கத்துப் பையன் ஆல்டோ, கிரேன் ஆபரேட்டர், கடற்கரைக்காரன். லோஃபோட்டன் தீவுகளில் மீனைக் கம்பில் தொங்கவிட்டுக் காயப்போடுகிறார்கள் என்று படித்ததும், “அண்ணே, இது எங்க ஊருதான் பாத்துக்கிடுங்க. வெயிலுக்குப் பதிலா குளிரு, அம்புட்டுதான்” என்று தாளையே கிழித்துக்கொள்ளப் பார்த்தான். பாண்டித்துரைக்குச் சீட்டில் விழுந்தது மேற்கே மலைக்கு நடுவில் கடல் புகுந்த பகுதி. அங்கே ‘ஏழு சகோதரிகள்’ என்று ஒரு அருவி இருக்கிறதாம். அவன் தலையில் அடித்துக்கொண்டான். “ஊர்ல கட்டிக்குடுக்க மூணு நிக்குது, இங்கயும் ஏழா?” எதிர்க்கரையில் ‘மாப்பிள்ளை’ என்றும் ஒரு அருவி இருக்கிறது என்று 42-ம் பக்கத்தைக் காட்டிய பிறகுதான் சமாதானமானான், அதுவும் ஏழு பேருக்கு ஒரே மாப்பிள்ளையா என்று முணுமுணுத்துக்கொண்டே. சமையல் பார்க்கிற செய்கு அலாவுதீன் பாய்க்கு வடகோடி முனை. கோடையில் இரண்டு மாதம் சூரியன் மறையாத இடம். பாய் அன்றைக்கெல்லாம் கவலையாகவே இருந்தார். “மகரிப் வராத ஊர்ல நோன்பு எப்படிப்பா தொறக்குறது?” வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடுகிற ட்ரோம்சோ, ஆப்பிள் தோட்டம், உயரமான பனிமலை ஆகிய மூன்றையும் ஒரே ஊர்க்காரர்களான பெயின்டர்கள் மூவரும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பச்சைக்கு எத்தனை கோட் அடிக்க வேண்டும் என்று ஒரு வாரம் சண்டை.

அன்றிலிருந்து ரூமில் நான் ‘விசிட் விசா’. ஆல்டோவின் தீவுக்குப் போக வேண்டுமானால் அவன் தட்டைக் கழுவ வேண்டும். ஆஸ்லோவில் கால் வைக்க அண்ணன் முதுகில் தைலம் தேய்க்க வேண்டும். கழுவினேன், தேய்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது ஐயா, அது எனக்குப் பிடித்திருந்தது. இந்த ரூமுக்கு வந்த பிறகு அப்போதுதான் முதல்முறையாக என்னைக் கேலி செய்தார்கள். கேலி செய்தால் பாதி சேர்த்துக்கொண்ட மாதிரிதானே?

மீதிப் பாதிக்கு எனக்கும் ஒரு பகுதி வேண்டும். அதைத் தேடப் போய்ப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆகஸ்டில் சைட்டுக்கு வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவரிடம், “சார், நார்வே, நம்பர் எய்ட், வாட்?” என்று கேட்டேன். அவர் நார்வேக்காரர் இல்லை போலிருக்கிறது. பக்கத்திலிருந்த சேஃப்டி ஆபீசரைப் பார்த்தார். சேஃப்டி ஆபீசர் என்னைப் பார்த்தார். “பாய், தபியத் டீக் ஹை?” என்று இந்தியில் உடம்பை விசாரித்தார். நான் பனி, மலை, கரடி என்று விளக்க விளக்க அவருக்கு முடிவே ஆகிவிட்டது, வெயில் தலைக்கேறிவிட்டது என்று. இரண்டு பேர் என்னைத் தூக்கி வண்டியில் ஏற்றி, தலையில் ஐஸ் வைத்து, கிளினிக்கில் மூன்று பாட்டில் உப்புத் தண்ணீர் குடிக்க வைத்து அனுப்பினார்கள். அந்தத் தலையில் வைத்த ஐஸ்தான் நார்வே விஷயத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆதாயம். அன்றைய ஷீட்டில் எனக்கே நான் நாலு மணி நேரம் வெட்டிக்கொண்டேன், ஏன்னா ரூல் ரூல்தான்.

அடுத்து என் மனைவி ராதிகா. வாரம் ஒருமுறை போன் கார்டு போட்டுப் பேசுவேன். சாப்பிட்டியா, மழையா, மாடு கன்னு போட்டுச்சா, அவ்வளவுதான், அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. லைன் சும்மா இரைந்துகொண்டிருக்கும். ஒரு நாள் பேச்சு கிடைத்த சந்தோஷத்தில், “ராதிகா, ரூம்ல எல்லாருக்கும் நார்வே கிடைச்சிருச்சு, எனக்கு மட்டும் இன்னும் வரல” என்றேன். கார்டு தீர்ந்துவிட்டது. மறுவாரம் கூப்பிட்டால் எனக்கும் நார்வேயில் வேலை கிடைக்கட்டும் என்று எங்கள் தெருவே குலசாமிக்குப் பொங்கல் வைத்திருக்கிறது. மச்சினன் தனக்கும் ஒன்று பார்க்கச் சொல்லிப் பாஸ்போர்ட் நகலும் நாலு போட்டோவும் அனுப்பிவிட்டான். விளக்கிச் சொன்னேன். “அப்ப நீங்க எங்கயும் போகலல்ல?” என்றாள். இல்லை என்றேன். “இங்கயும் வரலல்ல?” என்றாள்.

ஆகையால் தாங்கள் தயவுசெய்து 2008 மே மாத இதழின் 47-ம் பக்கத்தை மட்டும், முடிந்தால் ஊறுகாய்க் கறை இல்லாமல், எனக்கு அனுப்பிவைக்க வேண்டும். அனுப்பாவிட்டால் நுகர்வோர் மன்றம் வரை போவேன் என்று எழுத நினைத்தேன், அங்கே போக லீவு கிடைக்காது. எட்டாவது பகுதி எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பாழும் பாறையாக இருந்தாலும் என்னுடையது என்று இருந்தால் போதும்.

தங்கள் இல்லத்தில் அடுப்பும் விளக்கும் குறைவின்றி எரியவும், தங்கள் இதழ் நாலு திசையிலும் நல்ல பாட்டில்களைச் சுற்றிப் போய்ச் சேரவும் வாழ்த்தி வணங்கும்,

ம. விஜயபாஸ்கர்

பின்குறிப்பு (27.2.2009): ஐயா, மேலே கண்டதில் எதையும் செய்ய வேண்டாம். ஊருக்குப் போகிற ஆளிடம் கொடுத்து அங்கே தபாலில் சேர்ப்பதுதான் வழக்கம் என்பதால், கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்து, யாராவது லீவில் போகட்டும் என்று காத்திருந்தேன். போனார்கள், ஆனால் லீவில் போகவில்லை. டிசம்பரில் பணம் வராமல் எங்கள் சைட் நின்றுவிட்டது. பாதிக் கட்டடம் அப்படியே நிற்க, ஆட்களுக்கு ஊர் டிக்கெட்டும் விசா கேன்சலும் ஒன்றாக வந்தன. முதலில் பெயின்டர்கள் மூன்று பேரும் ஒரே காலையில் போனார்கள். வேன் ஏறும்போது ஒருவன் திரும்பி வந்து, “டைம்கீப்பரண்ணே, எங்க மூணையும் நீங்களே வச்சுக்கங்க” என்றான். அப்புறம் பாண்டித்துரை, “ஏழு பேரையும் நல்ல இடத்துல கட்டிக்குடுத்துருங்க” என்று சிரித்தான், கண் சிரிக்கவில்லை. பாய் தன் முனையைத் தரும்போது என் தலையில் கைவைத்து துஆ செய்தார். ஆல்டோ லோஃபோட்டனைத் தர மனசில்லாமல் தந்தான். கடைசியாக, போன மாதம், சோலையப்பன் அண்ணன் ஆஸ்லோவைத் தந்தார், இங்கே இருபத்திரண்டு வருடம் இருந்த ஆள். ஒவ்வொருவர் போன நாளுக்கும் ஷீட்டில் முழு எட்டு மணி நேரம் போட்டேன். ரூல் என்று ஒன்று இருக்கிறதுதான். கம்பெனி இன்னும் கேட்கவில்லை.

சாமான்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று என்னை மட்டும் வைத்திருக்கிறார்கள். தினம் ஷீட் எடுக்கிறேன், ஒரே பெயர், என் பெயர். வந்தேன் என்று நானே டிக் போடுகிறேன். ஐயா, எனக்கு இப்போது நார்வேயில் ஏழு பகுதி. கேலி செய்ய ஆள் இல்லாத ஏழு பகுதி.

இன்று ரூமைக் கூட்டும்போது சோலையப்பன் அண்ணன் கட்டிலுக்கு அடியில் இரண்டாவது ஊறுகாய் பாட்டில் கிடைத்தது. முதல் பாட்டிலை எட்டுப் பேருக்கும் சரிசமமாகப் பங்கு போட்ட அந்த உத்தமர் தனக்கென்று ஒன்றை ஒளித்துவைத்திருக்கிறார்! திறக்கவே இல்லை. சுற்றியிருந்த தாள், தங்கள் 47-ம் பக்கம்.

எட்டாவது பகுதி ஸ்வால்பார்ட் என்கிற தீவுக்கூட்டமாம். மரம் கிடையாது, கரடி உண்டு, குளிர்காலத்தில் நாலு மாதம் சூரியன் எட்டிப்பார்க்காது. நாம் நம்ப மாட்டோம் என்று அம்மையார் சொன்ன விஷயம் இதுதான்: அங்கே எந்த நாட்டுக்காரரும் விசா இல்லாமல் தங்கி வேலை பார்க்கலாமாம். விசா வேண்டாம், ஸ்பான்சராக ஒரு அரபி கபீல் வேண்டாம், கேன்சல் கிடையாது. ஆனால் ஆஸ்லோ வழியாகத்தான் போக முடியும், அந்த வழிக்கு விசா வேண்டுமாம். இதைப் படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே, “டேய் பாண்டி, இதக் கேளுடா” என்று திரும்பினேன். ஏழு கட்டிலிலும் மெத்தை சுருட்டி வைத்திருந்தது.

ஆகவே பக்கம் வேண்டாம். அதற்குப் பதிலாக வாசகர் கடிதத்தில் இரண்டு வரி போட்டால் போதும். எங்கள் ஆட்கள் எந்த ஊரில் இருந்தாலும் என்றைக்காவது ஏதாவது பாட்டிலைப் பிரிக்கும்போது படித்துவிடுவார்கள். “பதினாலாம் நம்பர் ரூம்காரர்கள் கவனத்திற்கு: எட்டாவது பகுதி கிடைத்துவிட்டது, எட்டுப் பேருக்கும் இடம் இருக்கிறது. ஊறுகாய் இன்னும் திறக்கவில்லை.”