ஆர் அந்த 'அன்பே'?

டொரொன்டோவில் கவிதை எழுதும் தமிழர்களில் இன்ஸ்பெக்டரிடம் அவமானப்படாதவர் ஒருவரும் இல்லை. இருந்தால், அவர் இன்னும் எழுதத் தொடங்கவில்லை என்று பொருள்.

பொலிஸ் இன்ஸ்பெக்டர் அல்ல. வீடு வாங்குகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்துச் சொல்பவர். கூரை ஒழுகுகிறதா, பேஸ்மென்டில் ஈரம் கசிகிறதா, ஃபர்னஸ் இன்னும் எத்தனை குளிர்காலம் தாங்கும் என்று ரோச் லைட் அடித்துப் பார்ப்பார். அது அவர் தொழில், போகட்டும். மோர்னிங்சைட்டில் மாதம் ஒருமுறை நாங்கள் கூடி, குடும்ப அன்பையும் அன்றாட வாழ்வையும் பாடும் கவிதைகளை அலசுவோம். அங்கேயும் அதே ரோச் லைட்டோடு வருவார். அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. தலைக்கு மேலே நான்கு குழல் விளக்குகள் எரியும். மனிதர் ரோச் அடித்துத்தான் கவிதை வாசிப்பார்.

சென்னையிலிருந்து வந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் மகளைப் பற்றி எழுதியிருந்தார். பள்ளி வாசலில் அப்பாவைக் கண்டதும் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் மகள். எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்ஸ்பெக்டரின் ரோச் மூன்றாம் வரியில் நின்றது.

"பிள்ளைக்கு எத்தினை வயசு, தம்பி?"

"பதினஞ்சு சார்."

"பதினஞ்சு வயசுப் பிள்ளை ஸ்கூல் வாசல்ல தேப்பனைக் கட்டிப்பிடிக்குதோ? காரை ரெண்டு றோட் தள்ளி நிப்பாட்டச் சொல்லேல்லையோ?"

நண்பர் தலை குனிந்தார். "மூணு தெரு சார். இது சும்மா ஒரு ஃபீலிங்ல எழுதினது."

"மூண்டு றோட்டுக்கு அங்கால நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறியள். அதை விட்டிட்டு வேற ஆற்றையோ பிள்ளையை எழுதியிருக்கிறியள்."

இப்படியும் ஒரு மனிதர் உண்டா? ரூஜ் பக்கமிருந்து வரும் அன்ரி ஒருவர் தன் தாயின் கையால் உண்ட சோற்றைப் பாடினார். என்ன கறி என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். எல்லாக் கறியும் என்றார் அன்ரி. "எல்லாக் கறியும் எண்டால் ஒரு கறியும் இல்லை" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்ரி அதன்பிறகு அவரோடு பேசியதே இல்லை.

பிறகு என் முறை வந்தது.

எங்களுக்குத் திருமணமாகி இருபத்தைந்து வருடம். அடுத்த ஞாயிறு விருந்து மண்டபத்தில் முந்நூறு பேருக்கு முன்னால் மனைவி சுகந்தியைப் பற்றிக் கவிதை வாசிப்பதாக இருந்தேன். பாராட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று அதை முதலில் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். சுகந்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். புத்தி!

'அன்பே, நீ தரும் தேநீரில் என் காலைகள் விடிகின்றன.'

முதல் வரிதான். அதைத் தாண்ட அவர் விடவில்லை.

"உது ஆர், அன்பே?"

"என்ர வைஃப்தான், அண்ணை."

"வீட்டில எப்பிடிக் கூப்பிடுறனீங்கள்?"

"இஞ்சேரும் எண்டு."

"நீ எண்டு கதைப்பியளோ?"

"இல்லை. நீர் எண்டுதான்."

"தேநீர் குடிப்பியளோ?"

"தேத்தண்ணி."

"ஆர் போடுறது?"

நான் பின்வரிசையைப் பார்த்தேன். சுகந்தி கூரையைப் பார்த்தாள். விடிய ஐந்தரைக்கு வேலைக்குப் போய்விடுகிறவள் அவள்.

"நான்தான் போடுறனான்."

"அப்ப இதுக்குள்ள உங்கட மனுசி இல்லை. வெளியில பெயின்ற் நல்லாத்தான் இருக்கு. உள்ள ஆளில்லை."

கூட்டமே சிரித்தது. முதலில் சிரித்தது சுகந்தி.

அஜக்ஸில் இருக்கும் எங்கள் வீடு வரும்வரை 401 நெடுஞ்சாலை முழுவதும் நான் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். உருவகம் தெரியாத மனிதன், கற்பனையின் கழுத்தை நெரிக்கிறவன், குழாய் பார்க்கப் போக வேண்டியவன். வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோதுதான் சுகந்தி வாய் திறந்தாள்.

"மண்டபத்தில அன்பே எண்டு கூப்பிட்டால், ஆரையோ கூப்பிடுறியள் எண்டு நானும் திரும்பிப் பாப்பன். அதைத்தான் வாசிக்கப் போறியள் எண்டால் நான் அண்டைக்கு டபிள் ஷிஃப்ட் எடுக்கிறன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளில்லாத மேடையில் அவளைப் பற்றிய கவிதை! நான்கு நாள் எழுதினேன். நிலா வந்தது, கடல் வந்தது, அவள் மட்டும் வரவில்லை. வியாழக்கிழமை இன்ஸ்பெக்டரே எனக்குப் போன் எடுத்தார்.

"விடிய வேலைக்குப் போகேக்க அவ என்ன சொல்லிப்போட்டுப் போறவ?"

எரிச்சலோடு சொன்னேன். "என்னத்தைச் சொல்லுறது? நல்ல நித்திரையில தட்டி எழுப்பி, இஞ்சேருங்கோ, கதவைப் பூட்டுங்கோ எண்டுவா. ஒவ்வொரு நாளும் இதே கரைச்சல்."

"உங்கட முன்கதவு தானாப் பூட்டுற கதவெல்லோ. வீடு வாங்கேக்க நான்தானே பாத்தனான்."

"ஓம்."

"அவவுக்கும் அது தெரியும்தானே?"

"ஓம்."

"அப்ப அவ என்ன சொல்லுறா?"

போனை வைத்துவிட்டார். ஒரு மனிதரிடம் இப்படிக் கேட்டுவிட்டுப் போனை வைக்கலாமா?

ஞாயிறன்று, தானாகப் பூட்டும் கதவைச் சாக்காக வைத்து தினமும் என்னை எழுப்பிப் பார்த்துவிட்டுப் போகிறவளைப் பற்றி எட்டு வரி வாசித்தேன். சுகந்தி எழுந்து போகவில்லை. மேசையைப் பார்த்தபடியே, "போதும், வந்து இருங்கோ" என்றாள். இன்ஸ்பெக்டர் கை தட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு வந்து, ஏழாம் வரி தேவையில்லை என்றார். அந்த நாளில்கூட!

போன வருடம் அவர் எட்மன்டனில் இருக்கும் மகளோடு போய்ச் சேர்ந்துகொண்டார். இப்போது எங்கள் கூட்டத்தில் எல்லோருடைய கவிதையும் அருமை. என்னுடையதும் அருமையாம். கேட்க ஆளில்லாமல் இப்படி ஒரு அநியாயம் மாதாமாதம் நடக்கிறது.